ஒரு ‘ங்க’ படுத்திய பாடு

அந்தச் சலவைக் கூடத்தில் அவனுக்குக் ‘கொள்கை’ என்று பெயர். வைத்தவள், துணி உலர்த்தும் டிரையர்களைப் பார்த்துக்கொள்கிற டிரையர் அக்கா. இடைவேளையில் யாராவது அகப்பட்டால் போதும், மனிதர்கள் எல்லாரும் சமம், இதில் ஆண் என்ன பெண் என்ன என்று ஆரம்பித்துவிடுவான். கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும், அவன் ஆறமாட்டான். குறை சொல்வதற்கில்லை, பேசுவதில் பாதியையாவது செய்கிறவன்தான். வீட்டில் பாத்திரம் துலக்குவது அவன் வேலை. துலக்கிய செய்தி மறுநாள் கூடம் முழுக்கப் பரவியிருக்கும் என்பது வேறு விஷயம்.

அவன் மனைவிக்கு ‘மடிப்பு’ என்று பெயர். அவள் மடித்த விரிப்பை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஓரம் ஓரத்தோடு ஒட்டி நிற்கும்.

மருத்துவமனைகளுக்கும் விடுதிகளுக்கும் போகும் பெரிய விரிப்புகளை ஒரே ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, மூலையை மூலையோடு சேர்த்து, ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொடுக்க வேண்டும். கொள்கை முதலில் வேலைக்குச் சேர்ந்தது அவளுக்கு எதிர் முனையில். நாள் முழுக்க இருவரும் எதிரெதிரே நடந்து வந்துகொண்டே இருந்தார்கள். அதற்குப் பிறகும் காதல் வரவில்லையென்றால் இருவரில் யாருக்கோ கோளாறு என்று அர்த்தம்.

அந்த நாட்களில் அவள் பேச்சே தனி. “இழுடா ஒழுங்கா! கைல பலமில்லையா?” என்பாள். அவனும் இழுப்பான். பிறகு அவனை இஸ்திரி போடும் ரோலருக்கு மாற்றினார்கள். அப்புறம் இருவரும் பதிவு அலுவலகம் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். படியேறும்போது, “சீக்கிரம் வாடா, மூடிடப் போறாங்க” என்றவள், படியிறங்கும்போது, “பார்த்து வாங்க, படி வழுக்குது” என்றாள்.

நடுவில் நடந்தது ஒரு கையெழுத்து. அதற்குள் அந்த மனிதன் ஓர் அங்குலம் வளரவில்லை. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. மீசைகூட அதே மீசை. ஆனாலும் அவனுக்கு ஒரு ‘ங்க’ வளர்ந்துவிட்டது. அதே கையெழுத்தை அவளும்தான் போட்டாள். அவளுக்கு எதுவும் வளரவில்லை. “நாலு பேரு இருக்கிற எடத்துல டா போடாதம்மா” என்று மாமியார் ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தார். நாலு பேர் இருக்கும் இடத்துக்கு என்று வாங்கி வைத்த ‘ங்க’, கொஞ்ச நாளில் சமையலறை வரை வந்து உட்கார்ந்துகொண்டது. அவளே அதைக் கவனிக்கவில்லை. சமத்துவத்தைக் கரைத்துக் குடித்த கொள்கையும் கவனிக்கவில்லை. காதுக்கு இதமான அநியாயத்தைக் கவனிக்க யாருக்குத்தான் நேரம் இருக்கிறது?

கவனிக்க வைத்தது ஒரு பதவி உயர்வு. பழைய சூப்பர்வைசர் ஓய்வு பெற்றுப் போனதும், துணியைத் தொட்டே அதன் ஈரத்தைச் சொல்லக்கூடியவள் என்று மடிப்பை அந்த இடத்தில் போட்டார்கள். முதலில் தற்காலிகமாக. சரிப்பட்டு வந்தால் நிரந்தரம். அவள் உள்ளுக்குள் இத்தனை ஆசை வைத்திருந்தாள் என்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. கொள்கையோ கூடத்துக்கே மிட்டாய் கொடுத்தான். “என் மனைவிக்குக் கீழ வேலை பாக்கறது எனக்குப் பெருமை” என்றான். மிட்டாய் வாங்கியவர்கள் எல்லாரும் அந்த வாக்கியத்தையும் சேர்த்தே விழுங்க வேண்டியிருந்தது.

சிக்கல் ரோலரில் இருந்தது. ரோலர் என்பது நீராவியில் கொதிக்கும் பெரிய உருளை. ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் இஸ்திரி போட்டு அந்தப் பக்கம் தள்ளும். கொடுக்கும் பக்கம் கொள்கை நின்றான். ரோலரை நிறுத்தும் சிவப்புப் பொத்தானும் அங்கேதான். வெளிவரும் பக்கம் சூப்பர்வைசர் நிற்க வேண்டும். துணி உருளையில் சுற்றிக்கொள்ளத் தொடங்கினால் அங்கிருந்துதான் தெரியும். தெரிந்த உடனே குரல் கொடுக்க வேண்டும்.

அதற்கு அந்தக் கூடத்தில் இரண்டு சொல் உண்டு. ‘நிறுத்து’ என்றால் ரோலர் மட்டும் நிற்கும். ‘நிறுத்துங்க’ என்றால் எல்லாரும், எல்லாவற்றையும், அந்த நொடியே நிறுத்த வேண்டும். தீ, நீராவிக் கசிவு மாதிரியான ஆபத்துக்கு உரிய சொல் அது. யாரும் எழுதிவைத்த விதியல்ல. இயந்திர இரைச்சலில் அவர்கள் காதுகள் தாமாகவே செய்துகொண்ட ஏற்பாடு.

மூன்றாம் நாள் காலை, ஒரு விரிப்பு உருளையில் சுற்றத் தொடங்கியது. மடிப்பு பார்த்தாள். கத்தினாள்.

“ஏங்க! நிறுத்துங்க!”

கூடமே நின்றது. துவைக்கும் இயந்திரங்கள் சோப்பு நுரையோடு நின்றன. டிரையர்கள் நின்றன. தள்ளுவண்டிகள் நின்ற இடத்தில் நின்றன. இரண்டு பேர் வாசலை நோக்கி ஓடியே போனார்கள்.

“எங்கடி தீ?” என்று ஓடி வந்தாள் டிரையர் அக்கா.

“தீயெல்லாம் இல்லக்கா. இவரைத்தான் நிறுத்தச் சொன்னேன்.”

“அடிப்பாவி! உன் புருஷனுக்குக் குடுத்த மரியாதையில ஆஸ்பத்திரி துணியெல்லாம் நுரையோட நிக்குது!”

மறுநாளும் அதேதான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ‘நிறுத்து’ வரை வந்தாள். வண்டி பள்ளத்தில் இறங்குவதுபோல ‘ங்க’ தானாக இறங்கிவிட்டது. கூடம் மறுபடி நின்றது.

மேனேஜர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர் என்று பெயர் வாங்கியவர். சிரித்துக்கொண்டேதான் அநியாயம் பேசுவார்.

“உன்மேல தப்பு சொல்லலம்மா. புருஷனை எப்படி அதட்டுவே? நல்ல குணம்தான். ஆனா வேலை நடக்கணுமே. அதான் சுலபமா ஒரு வழி யோசிச்சேன். இவன் சூப்பர்வைசரா இருக்கட்டும். இவன் உன்னை ‘நீ’ன்னு சொல்லலாம், ஒரு சிக்கலும் வராது.”

“துணி எப்ப சுத்துதுன்னு அவருக்குப் பாக்கத் தெரியாதே சார்.”

“கத்துக்குவான்.”

“நான் ஏற்கெனவே கத்துக்கிட்டவ.”

“ரொம்ப நல்லதாப் போச்சு. அவனுக்குச் சொல்லிக் குடு.”

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். கூடத்துச் சுவர்களுக்கே சமத்துவம் போதித்தவன், ஒரு மூச்சு நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, “அது... நியாயமில்ல சார்” என்றான். ஆனால் அந்த ஒரு மூச்சில் அவன் கை மேலே போய்ச் சட்டைக் காலரைச் சரிசெய்ததை அவள் பார்த்துவிட்டாள்.

“சார், தடுப்புக் கம்பி வேலை செஞ்சா இந்தப் பிரச்சினையே இல்ல” என்றாள். துணியோ கையோ தப்பாக உள்ளே போனால் ரோலரைத் தானாக நிறுத்துகிற கம்பி அது. பழுதாகி வெகுநாளாயிற்று. “நாலஞ்சு தடவை சொல்லிட்டோம்.”

“கம்பியை அடுத்த மாசம் பாக்கலாம். உனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம். இன்னொரு தடவை கூடம் நின்னா, இவன்தான் சூப்பர்வைசர்.”

வீடு திரும்பும் பேருந்தில் அவள் கேட்டாள்: “காலரை எதுக்குச் சரி பண்ணீங்க?”

“எப்ப?”

“சூப்பர்வைசர்னு சொன்னதும்.”

“கசகசன்னு இருந்துச்சு.”

“ஆமா, பதவி வந்தா அப்படித்தான் இருக்கும்.”

அவன் சன்னலுக்கு வெளியே தீவிரமாக எதையோ பார்த்தான்.

‘நிறுத்து’ என்ற சொல்லுக்குப் பதில் வேறு சொல் வைத்துக்கொள்ளலாமே என்று அவன் யோசனை சொன்னான். “ஒருத்தர் மீசைக்காக அம்பது பேரு காதை மாத்தறதா?” என்று அவள் அதை அங்கேயே மடித்து வைத்தாள். ஆகவே அன்று மாலை பயிற்சி தொடங்கியது. உணவு மேசை ரோலர் ஆயிற்று. போர்வையோடு அவன் ஒரு பக்கம், அவள் மறுபக்கம்.

“சொல்லு. நிறுத்து.”

“நிறுத்து... ங்க.”

“ங்க வேண்டாம்.”

“நிறுத்து... ப்பா.”

“நான் என்ன காய்கறிக்காரனா? தைரியமாச் சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல. நாம எல்லாரும் சமம்.”

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். “நிறுத்து!” என்றாள். சுத்தமாக வந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால், பேருந்தில் எழுந்து நின்ற நேரத்தில் இடத்தைப் பறிகொடுத்தவன் மாதிரி நின்றான் கொள்கை.

“சரியாத்தான் சொன்னே,” என்றான். “ஆனா அதையே கொஞ்சம் மரியாதையாச் சொல்ல முடியாதா?”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பாத்தீங்களா! வாய்தான் என்னுது. கோளாறு உங்க காதுல இருக்கு!”

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கொள்கைக்காரனின் ரோஷம். “சரி, நானும் உனக்கு ங்க போடறேன். அப்ப சமம்தானே?” தொண்டையைச் செருமிக்கொண்டான். “வாங்க. உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”

உள்ளறைக் கதவு திறந்தது. மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உபசரிப்புச் சிரிப்போடு வெளியே வந்தார். “யாருடா வந்திருக்காங்க?”

“யாரும் இல்லம்மா.”

“அப்ப யாரை உக்காரச் சொன்னே?”

“இவளைத்தான்.”

மாமியார் மகன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். சுடவில்லை. விஷயத்தை விளக்கியதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உங்கப்பாவை நான் ‘இந்தா பாருங்க’ன்னுதான் கூப்பிடுவேன். ஒரு தடவை கடைவீதிக் கூட்டத்துல தொலைஞ்சு போயிட்டாரு. ‘இந்தா பாருங்க, இந்தா பாருங்க’ன்னு கத்தினேன். கூட்டமே பாத்துச்சு. அவரு மட்டும் பாக்கல.”

“அப்ப பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கலாமே அத்தை?”

“சேச்சே!” என்று எழுந்தார் மாமியார். “நீயும் வீட்டுல டா போட்டுப் பழகாதே.” கதவு சாத்திக்கொண்டது. மடிப்பு கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண் கூட்டத்தின் நடுவே நின்று கணவனைத் தேடிக் கத்துகிறாள், கூப்பிட மட்டும் அவளுக்குச் சொல் இல்லை. சிரிப்புக்கதையாக இத்தனை வருடம் இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை மேனேஜரே நேரில் வந்து ரோலர் பக்கத்தில் நின்றார். சும்மா நின்றிருக்கலாம். வருங்காலச் சூப்பர்வைசருக்கு நாலு விஷயம் சொல்லிக் கொடுப்போம் என்று தோன்றிவிட்டது. “இப்படி விடணும்பா, ஓரத்தை இழுத்துப் பிடிச்சு” என்று விரிப்பை வாங்கி, குனிந்து, ரோலருக்குள் கொடுத்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையும் விரிப்போடு சேர்ந்து உள்ளே போயிற்று. அட்டைக்குப் பின்னால் பட்டை. பட்டைக்குப் பின்னால் கழுத்து.

மறுபக்கம் நின்ற மடிப்பு முதலில் அட்டையைப் பார்த்தாள்.

“தலையைத் தூக்குடா! நிறுத்து!”

முதல் பாதி மேனேஜருக்கு. இரண்டாம் பாதி கணவனுக்கு. கொள்கையின் கை சிவப்புப் பொத்தானில் விழுந்தது. உருளை நின்றது. பட்டையை வெட்டித்தான் மேனேஜரை நிமிர்த்த வேண்டியிருந்தது. அட்டை உருகிப்போயிருந்தது, அதிலிருந்த படத்தில் அவருடைய ஒரு காது மட்டும் மிஞ்சியது.

கழுத்தைத் தடவிக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி: “என்னை ‘டா’ன்னா சொன்னே?”

“இல்ல சார், மெஷினைச் சொன்னா” என்று முந்திக்கொண்டாள் டிரையர் அக்கா.

“இல்லக்கா, சாரைத்தான் சொன்னேன்” என்றாள் மடிப்பு. “கழுத்தா மரியாதையான்னு யோசிக்க நேரமில்ல சார். அப்புறம் இன்னொண்ணு. கூடம் நிக்கல. கேளுங்க.”

எல்லாரும் கேட்டார்கள். டிரையர்கள் உருண்டுகொண்டிருந்தன. துவைக்கும் இயந்திரங்கள் தம் பாட்டுக்கு இரைந்துகொண்டிருந்தன.

“சரி சரி,” என்றார் மேனேஜர். “வேலையைப் பாருங்க. கம்பிக்கு நாளைக்குச் சொல்லி வைக்கிறேன்.”

“இன்னைக்கு சார். கம்பி சரியாகற வரைக்கும் ரோலர் ஓடாது.”

“யாரு சொல்றது?”

“சூப்பர்வைசர்.”

மேனேஜர் அவளை விட்டுவிட்டுக் கொள்கையைப் பார்த்தார். ஆணுக்கு ஆண் பேசிக்கொள்கிற பார்வை. “நீ என்னப்பா சொல்றே? ஓட்டுவேதானே?”

மடிப்பு அவன் கையைத்தான் கவனித்தாள். கை காலர் பக்கம் போகவில்லை. பொத்தானிலிருந்து கையை எடுத்து, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டான்.

“சூப்பர்வைசர் சொல்லாம நான் தொடமாட்டேன் சார்.”

மதியத்துக்குள் மெக்கானிக் வந்தார். அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டிய கம்பி, மேனேஜரின் கழுத்து சம்பந்தப்பட்டதும் அன்றைக்கே சரியாகிவிட்டது. இத்தனை நாளும் அந்த இடத்தில் கையை நீட்டிக்கொண்டிருந்தவர்களுக்குக் கழுத்து இல்லையா என்று மடிப்பு கேட்டாள். பதிலாக மாலையில் ஒரு மேலங்கி வந்தது. சூப்பர்வைசர்கள் அணிகிற நீல மேலங்கி. அவளை இரண்டு சுற்றுச் சுற்றும் அளவு. நிரந்தரம் என்பதை மேனேஜர் வாயால் சொல்லவில்லை, துணியால் சொன்னார்.

அன்று வீட்டில் கொள்கை வழக்கத்தைவிட அமைதியாகப் பாத்திரம் துலக்கினான். மடிப்பு கதவோரம் நின்று மேலங்கியின் கையை மடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

“என்ன, வாயே திறக்கல?”

“ஒண்ணுமில்ல.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல.” ஒரு தட்டை மூன்றாவது தடவையாகத் துலக்கினான். “அந்தாளுக்குப் போயி அத்தனை உரிமையா ‘டா’ போட்டே. எனக்கு வெறும் ‘நிறுத்து’தான். வீட்டுக்கு வந்தா மறுபடி ‘ங்க’. வெளியாளு மாதிரி என்னைத் தள்ளியே வெச்சிருக்கே.”

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை காலம் சுகமாகச் சாய்ந்திருந்த நாற்காலி குத்துகிறது என்று மனிதன் இன்றைக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறான்.

“சரி,” என்றாள். “அந்தத் தட்டைக் கீழ வைடா. தேய்ஞ்சு போயிடும்.”

அவன் தட்டை வைத்துவிட்டான். முகம் மலர்ந்தது, உடனே லேசாகச் சுருங்கியது, மறுபடி மலர்ந்தது. உள்ளறையில் மாமியாரின் இருமல் கேட்டது. சாதாரண இருமல் அல்ல, கதவைத் தாண்டி வந்து கண்டிக்கிற இருமல்.

“அம்மா முழிச்சிருக்காங்க” என்றான் அவன் மெதுவாக.

“இருக்கட்டுமே,” என்றாள் அவள், குரலைக் குறைக்காமல். “அடுத்த தட்டை எடு.”