நிலாவில் செத்தவனுக்கு ஒப்பாரி

எல்லம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் அவள் வாயைத்தான் குறை சொல்வார்கள். என் கையை யாரும் குறை சொன்னதில்லை. 1944-இல் திருத்தணிக் கடைத்தெருவில் இருந்த பொது ரேடியோவை மாலையில் போடுவதும் அணைப்பதும் என் வேலை. அன்றைக்கு நான் குமிழைத் திருப்பி அணைத்திருந்தால் அவள் குடித்தனம் பிழைத்திருக்கும். அணைக்கவில்லை.

அவள் கழனி வேலை செய்தவள். புருஷன் துளசிங்கம் ரங்கூன் அரிசி மில்லுக்குப் போயிருந்தான். அங்கே குண்டு விழுந்தபின் கடுதாசி நின்றுபோனது. நடந்தே ஊர் திரும்பியவர்கள் அவனைப் பார்க்கவில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். மாமியார் பூவம்மாள் மட்டும் ஒரே பிடியாக நின்றாள்.

"எம் புள்ள வருவான். அழுதா செத்துட்டான்னு ஆயிடும். இந்த வூட்ல யாரும் அழக் கூடாது."

இரண்டு வருஷம் எல்லம்மாள் அழவில்லை. எங்கள் பக்கத்தில் ஒப்பாரியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் படுகளத்தில் விழும்போது பெண்களுக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிறவள் அவள்தான். கெட்டவனே ஆனாலும் செத்தவனை அழாமல் அனுப்புவது எங்களுக்கு வழக்கமில்லை. பூவம்மாள் அதற்கும் அவளை விடவில்லை.

பள்ளிக்கூடத்து வாத்தியார் வேதாசலத்துக்கு விஞ்ஞானப் பைத்தியம். மனுஷர் பட்டணத்து ரேடியோவுக்கு நாலு வாரத் தொடர் நாடகம் ஒன்று எழுதிவிட்டார். கனகவர்மன் என்ற வில்லன் ஒரு பறக்கும் கப்பலைத் திருடுகிறான். கப்பலைச் செய்தவரின் மகள் வான்மதி அதற்குள் அகப்பட்டுக்கொள்கிறாள். இருவரும் நிலாவில் போய் விழுகிறார்கள். சேர்ந்து வேலை செய்தால்தான் கப்பலைப் பழுதுபார்க்க முடியும். ஆனால் திரும்பி வர மிச்சமிருக்கும் காற்று ஒருவருக்குத்தான் போதும்.

வில்லனுக்கு ஆர்.கே.பேட்டை வீரபத்திரனைப் பிடித்தார். தறி நெய்கிறவன், கூத்தில் துரியோதன வேஷக்காரன். வான்மதிக்கு எல்லம்மாள். இருவருக்கும் எழுத்து தெரியாது. வாத்தியார் வாசிப்பார், கூத்துக்காரர்கள் பாடம் கேட்பதுபோல் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தார்கள். பூவம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கடைசில இவ அழுவாளா சாமி?"

"இல்லம்மா. வில்லன் செத்ததும் மூணு தடவ சிரிச்சுட்டு ஊருக்குப் பொறப்படுவா."

அதன்பிறகுதான் வாராவாரம் பட்டணத்துக்கு ரயிலேற்றி அனுப்பினாள். மூன்று வாரம் ஊரே ரேடியோவைச் சுற்றி நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் வானத்தைக் காட்டி, "எல்லம்மா அங்கதான் கீறா, கழனிக்கு யாரு வருவா?" என்று கேலி செய்தார்கள். பூவம்மாள்கூட முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு பெருமையாக வெற்றிலை மென்றாள்.

நாலாவது வாரம் வந்தது. அந்தக் காலத்தில் அங்கே பேசப் பேச இங்கே கேட்கும். தப்பு நடந்தால் திருத்த வழியில்லை. வில்லனுக்கு மூச்சு முட்டியது. சாபம் கொடுத்துவிட்டுச் சாகவேண்டும், அதுதான் பாடம். வீரபத்திரனோ கூத்துக்காரன். சாகிற இடத்தில் சொந்தமாக இரண்டு வார்த்தை போடாவிட்டால் அவனுக்குச் செத்த மாதிரி இருக்காது.

"நான் பாவிதான், பொண்ணே. ஆனா இங்க ஒரு புடி மண்ணு போட ஆளில்லியே! எங்க வுழுந்தேன்னு எங்கூட்டுக்குத் தெரியாதே!"

சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சத்தமே இல்லை. பிறகு எல்லம்மாள் குரல் எழுந்தது.

"ஊரறியா மண்ணுலதான் ஒறங்கிப் போனீரோ – ஒரு
வாய்த்தண்ணி ஊத்தாம வழியனுப்பி வச்சேனோ..."

கடைத்தெருவில் இருந்த பெண்கள் பழக்கதோஷத்தில் தோளோடு தோள் கட்டிக்கொண்டு மாரடிக்க ஆரம்பித்தார்கள். பூவம்மாள் துள்ளி எழுந்தாள்.

"அணைடா கங்காதரா! எம் புள்ளய சாவடிக்கிறாடா!"

காதில் விழுந்தது. கை குமிழின்மேல்தான் இருந்தது. ஆனால் அந்தக் குரலை முழுக்கக் கேட்கவேண்டும்போல் இருந்தது, வேறு காரணம் ஒன்றும் இல்லை. என் கண்ணிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

மறுநாள் ரயிலில் வந்தவளுக்கு வீட்டுக் கதவு திறக்கவில்லை. உள்ளூர் வாய்கள் சும்மா இருக்குமா? அவள் வீரபத்திரனுக்காகத்தான் அழுதாள் என்று பாதிப் பேர், புருஷனைச் சாகடித்துவிட்டாள் என்று பாதிப் பேர். கழனி ஓரத்துக் கொட்டகையில் தாலியும் குங்குமமுமாகத் தனியே கிடந்தாள்.

"அவரு வரட்டும். அவருகிட்ட சொல்லிக்கிறேன்" என்றாள் என்னிடம்.

சண்டை முடிந்து 1946-இல் துளசிங்கம் வந்தான். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு. அவன் வாய் நனைக்குமுன்னே பூவம்மாள் எல்லாவற்றையும் ஓதிவிட்டாள். அவன் நேரே கொட்டகைக்கு நடந்தான். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"யாருக்கு அழுத எல்லம்மா?"

என்ன பதில் சொன்னாலும் வம்பு. வீரபத்திரனுக்கு என்றால் கெட்டவள், உனக்கு என்றால் புருஷனைக் கொன்றவள். கதைக்கு அழுதேன் என்று சொல்லம்மா என்று மனசுக்குள் கத்தினேன்.

"உனக்குத்தான்யா. ரெண்டு வருசமா அடக்கி வச்சினு இருந்தேன். முடியல."

துளசிங்கம் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தான். "வழியெல்லாம் செத்துக் கெடந்தாங்க. ஒருத்தருக்கும் அழ ஆளில்ல. எனக்கு ஒருத்தி இருந்திருக்கா" என்றான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய மடையன் நான்.

ஒப்பாரி வைக்கப்பட்டவனை அப்படியே வீட்டுக்குள் சேர்க்கமாட்டார்கள். புதிதாய்ப் பிறந்தவனாகத் தொட்டில் துணியில் படுக்கவைத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேறு பேர் வைக்கவேண்டும். ஜெகநாதன் என்று வைத்தார்கள். அடுத்ததாக எல்லம்மாளுக்கே மறுபடி தாலி கட்டுவான் என்றுதான் ஊர் நினைத்தது. பூவம்மாள் பெரியவர்கள் முன்னால் எழுந்து நின்றாள்.

"அவ புருசன் துளசிங்கம் செத்துட்டான். அவளே ஊரறிய அழுதா. இன்னிக்குப் பொறந்த ஜெகநாதனுக்கு ஏது பொண்டாட்டி?"

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள். அவர்கள் நாசமாய்ப் போக. அவன் தாயின் முகத்தைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். "இன்னா நைனா, சரிதானே?" என்று அவள் கேட்டதற்கு, "ஆங்" என்றான். மணவூரிலிருந்து வரலட்சுமி என்ற பெண்ணைப் பேசி முடித்தார்கள்.

கல்யாணத்துக்குமுன் எல்லம்மாள் தாலியை இறக்கியாகவேண்டும் என்றார்கள். குளக்கரைக்கு அழைத்துப் போனார்கள். புருஷன் நாலு தெரு தள்ளிப் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தான். தாலியை அறுத்ததும் பெண்கள் முறைப்படி சுற்றி உட்கார்ந்து ஒப்பாரிக்குக் குரல் எடுத்தார்கள்.

எல்லம்மாள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"எழுந்து வூட்டுக்குப் போங்க. அவருக்கு நான் அழுது முடிச்சாச்சு."