மஞ்சள் காமாலை என்று எழுதினேன்

ஓய்வூதிய விதிகளில் ஒரு விதி உண்டு. உடலாலோ மனத்தாலோ இனி வேலை பார்க்க இயலாது என்று மருத்துவக் குழு சான்றளித்த அரசு ஊழியரை, இயலாமை ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பத்து வருடப் பணி முடிந்திருந்தால் போதும். நோயில் விழுந்தபோது என் தம்பிக்குப் பதினொன்று முடிந்திருந்தது. அந்த விதி அவனுக்குக் கிடைக்காமல் போனதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு வேலை செய்தவன் நான்.

அப்போது நான் திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் தலைமை எழுத்தர். தம்பி அதே ஊரில் நில அளவைப் பிரிவில் வயல்களுக்குப் படம் வரைபவன். அவன் இழுக்கும் கோட்டைப் பார்த்தால் அச்சடித்தது போல் இருக்கும். 1974 கோடையில் அவன் மனைவி என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

“மாமா, அவரு தட்டுல போட்டத மொதல்ல என்னச் சாப்பிடச் சொல்றாரு. நான் சாப்பிட்டுக் காட்டினப்புறம்தான் கை வெக்கறாரு. பத்து நாளாச்சு.”

போய்ப் பார்த்தேன். இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பல நாள் குளிக்காத வாடை.

“என்னப் பத்திப் படிச்சிக்கினே இருக்காங்கண்ணா. இப்போ சட்டை மாட்டறான், இப்போ செருப்பு தேடறான்னு.”

“யார்டா?”

“ஆபீஸ்ல.”

“ஆபீஸ் ஒரு மைல் தள்ளி இருக்குது.”

“அதான் எனக்கும் புரியல” என்றான். கேலி இல்லை. உண்மையாகவே அது அவனுக்குப் புரியவில்லை.

அதற்கு மனச்சிதைவு என்று பெயர் இருப்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது வேறு. எங்கள் தங்கைக்குக் கீழ்பென்னாத்தூரில் ஒரு வரன் அமையும் நிலையில் இருந்தது. பையனின் சித்தப்பா ஊருக்குள் விசாரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒருத்தன் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார்கள். ஆகவே நான் எனக்குக் கைவந்ததைச் செய்தேன். லீவு விண்ணப்பம் எழுதினேன்.

பழக்கமான டாக்டர் ஒருவர் இருந்தார். படிவத்தை நிரப்பிக்கொண்டு போனால் கையெழுத்துப் போடுவார். முதலில் மஞ்சள் காமாலை. அது முடிந்ததும் டைபாய்டு. பிறகு முதுகெலும்பில் வலி. ஒரே நோய்க்கு லீவு நீண்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள் என்பது விதி. அந்த நாள் எண்ணிக்கையைத் தொடுவதற்கு முன்பே ஒரு நோயைக் குணப்படுத்தி, அவனைக் கையைப் பிடித்து ஆபீசுக்குக் கூட்டிப்போய்ச் சில நாள் வேலையில் உட்கார வைத்து, அடுத்த நோயைத் தொடங்குவேன். மூன்று வருடம் இப்படி ஓட்டினேன். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஒரு குறிப்பும் வந்ததில்லை. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அவன் நோயைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரே குழுவிடமிருந்து அவனை அவ்வளவு திறமையாகக் காப்பாற்றினேன்.

தங்கை கல்யாணம் முடிந்தது. அன்று தம்பி வரவில்லை, முதுகு வலி. ஒரு மண்டலம் கோயிலில் விளக்குப் போட்டோம், தாயத்துக் கட்டினோம். அவன் மனைவி ஒரு பாலர் பள்ளியில் ஆயாவாகச் சேர்ந்தாள். தெருவில் தண்ணீர்க் குழாயடியில் அவள் குடத்தைத் தொட்டால் மற்றவர்கள் நகர்ந்துகொள்வார்கள் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. காமாலை ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தார்களாம். இதுவும் என் கைவேலை.

1977இல் ஒரு திங்கட்கிழமை அவனே ஆபீசுக்குப் போனான். மேலதிகாரியின் மேஜைக்கு முன்னால் கைகட்டி நின்று, “தயவு பண்ணி நிறுத்திடுங்க சார், வீட்ல பொம்பள இருக்கறா, அதெல்லாமா படிக்கறது” என்று அழுதிருக்கிறான். அதிகாரி நல்லவர். சங்கடப்பட்டு, ‘ஒழுங்கீனம், அனுமதியின்றி வராமை’ என்று எழுதினார். பைத்தியம் என்று எழுதினால் குடும்பத்துக்கு அவமானமாம். எங்கள் ஊரில் அந்த நோய்க்கு அப்போது இரண்டே வார்த்தைகள். வீட்டில் இருந்தால் பைத்தியம், மலை சுற்றும் வழியில் உட்கார்ந்தால் சாமி.

குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. தம்பி அதைக் கிழித்தான். பதிலை நானே எழுதினேன், பழையபடி முதுகு வலி என்று. அவர்கள் விசாரணைக்கு நாள் குறித்தபோது அவன் வீட்டில் இல்லை. ஒருதலையாக முடித்து, 1978 தொடக்கத்தில் வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கப்பட்டவனுக்கு அதுவரை பார்த்த பணி கணக்கில் இல்லை என்று பொருள். பதினொன்றும் போயிற்று, அதன் மேல் நான் ஓட்டிய வருடங்களும் போயின.

அவனை மலை சுற்றும் வழியில், அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு புளியமரத்தடியில் கண்டேன். தாடி. முன்னால் வாழைப்பழம், சில்லறை, அணைந்த கற்பூரம். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. கையைப் பிடித்து எழுப்பினேன். எதிரில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் ஓடி வந்தாள்.

“சாமிய இன்னாத்துக்கு இழுக்கறீங்க? அது யார்கிட்டயும் பேசாது. என் மருமவளுக்கு இது கை காட்டித்தான் புள்ள நின்னுது.”

“என் தம்பிம்மா. சர்வேயில வேலை பாத்தவன்.”

“எல்லாரும் வந்து அப்டிதான் சொல்றாங்க” என்றாள்.

வேலூருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மனநல டாக்டர், வயதில் சின்னவர், தம்பியோடு அரை மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“எத்தனை வருஷமா இப்டி?”

“நாலு.”

“நாலு வருஷமா இன்னா வைத்தியம் பண்ணீங்க?”

“லீவு போட்டேன்.”

அவர் சிரிக்கவில்லை. காதில் கேட்பது கற்பனை அல்ல, அவனுக்கு அது உண்மையான குரல். வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது. மருந்தை நிறுத்தக் கூடாது. முதல் வருடமே வந்திருந்தால் இன்னும் நிறைய மீட்டிருக்கலாம் என்றார். மாத்திரை கொடுத்தார். பிறகு மாதம் ஒரு ஊசி. சில மாதங்களில் குரல்கள் பக்கத்துத் தெரு ரேடியோ போல ஆகிவிட்டன என்று தம்பி சொன்னான். குளித்தான், சாப்பிட்டான். ஆனால் மருந்தால் கை நடுங்கியது. ஸ்கேலை வைத்துக் கோடு போட உட்கார்ந்தான், ஒரு முறைதான். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உண்மைய எழுதிக் குடுங்க மாமா” என்றாள் அவன் மனைவி. “அவருக்கு இந்த நோவுதான்னு, அதுலதான் வேல போச்சுன்னு. பென்ஷன் வந்தா ஊசிக்காவது ஆவும்.”

“எழுதினா அந்த சர்ட்டிபிகேட்டெல்லாம் பொய்னு ஆயிடும்.”

“பொய்தானே.”

“எழுதினது யாருன்னு கேப்பாங்கம்மா.”

எனக்கு அப்போது பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் இருந்தது. பொய்ச் சான்றுக்கு உடந்தை என்றால் நானும் குறிப்பாணை வாங்க வேண்டியதுதான். உயர்வு வரட்டும் என்று இருந்தேன். வந்தது. பிறகு நிரந்தரமாகட்டும் என்று இருந்தேன். இப்படி மூன்று வருடம் போயிற்று. அவள் மாதாமாதம் அவனை பஸ்ஸில் வேலூருக்கு அழைத்துப் போய் வந்தாள். இரண்டு மாதம் போக முடியாதபோது குரல்கள் திரும்ப வந்தன. அவன் காதுக்குள் குச்சியை விட்டுக் குத்திக்கொண்டான். இடது காது பிறகு கேட்கவில்லை.

1981இல்தான் எழுதினேன். எந்தச் சான்றை எந்த நாளில் யார் நிரப்பியது, எந்த நோய் எதற்காக மாற்றப்பட்டது, எல்லாவற்றையும் தேதிவாரியாக. என் பதவியையும் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டேன். நீக்க உத்தரவை ரத்து செய்து இயலாமை ஓய்வூதியம் தர வேண்டும் என்று தம்பி பெயரில் ஒரு மனுவும் எழுதினேன். வேலூர் டாக்டரின் சான்றை இணைத்தேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். என்மேல் நடவடிக்கை வரும் என்று தினமும் காத்திருந்தேன். வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பினேன்.

பதில் தம்பி பெயருக்கு வந்தது. அவன் மனைவி பிரிக்காமல் என்னிடம் கொண்டுவந்தாள், பின்னால் அவனும் வந்தான். நான் படித்தேன். மனுதாரரின் பணிக்காலத்து மருத்துவச் சான்றுகள் அனைத்தும் முறைப்படியும் ஒன்றுக்கொன்று முரணின்றியும் உள்ளன, அவை பொய்யெனப் பின்னாளில் உறவினர் ஒருவர் கூறுவது ஓய்வூதியம் பெறும் நோக்கத்துடன் புனையப்பட்டதாகக் கருதப்படுகிறது, நீக்கப்பட்ட நாளில் மனநோய் இருந்ததற்கு ஆவணம் ஏதுமில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது.

தம்பி கடிதத்தை வாங்கி, நல்ல காதின் பக்கம் தலையைச் சாய்த்தபடி மெதுவாகப் படித்தான். தாள் அவன் கையில் படபடத்தது.

“நீ எழுதினதுல தப்பே இல்லன்னு சொல்றாங்கண்ணா” என்றான்.

“மறுபடி ஒண்ணு போடலாமா மாமா?” என்று அவள் கேட்டாள்.

மேல்முறையீட்டுக்கு அதற்குமேல் இடம் கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். போடலாம் என்று சொன்னேன். பழக்க தோஷத்தில் உறையின் மூலையில் வரவுத் தேதி குறித்து வைத்தேன்: 9.8.1984.