பிள்ளையார்பாளையம் வழியாக

லீவு நாளில் காஞ்சிபுரம் சுற்றிப் பார்க்கப் போகிற பெண்ணின் முகத்தில் கொஞ்சமாவது களை இருக்கவேண்டும். தங்கமாரிக்கு அது இல்லை. ஒரகடத்துக் கம்பெனி விடுதியிலிருந்து கிளம்பிய வேன் வாலாஜாபாத்தைத் தாண்டுகிறவரை மற்றப் பெண்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். இவள் மட்டும் ஜன்னலோரம் ஒடுங்கி, போனைக் காதோடு அழுத்தி, சந்திரலேகா அனுப்பிய குரல் செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள். சந்திரலேகா அவள் புருஷனுடைய அக்கா. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குடியிருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழம மத்தியானம் நாங்க பூனாவுக்குக் கெளம்புதோம். அத்தானுக்கு அங்க மாத்திட்டாவ. பிள்ள வேணும்னா அதுக்குள்ள வந்து கூட்டிட்டுப் போ. இல்லன்னா எங்ககூடயே இருக்கட்டும். நாளப்பின்ன வந்து கேட்டா நான் தாங்கமாட்டேன் தாயி."

பிள்ளை, தங்கமாரி பெற்ற பிள்ளை. கனிஷ்கா என்று பெயர், மூன்று வயசு. இன்றைக்குத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இசக்கியப்பனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். ஒரகடம் ரோட்டில் அவன் பைக்கை லாரி அடித்தபோது குழந்தை அப்போதுதான் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தது. அதற்கப்புறம் அவள் வேலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். ஆள் எடுக்கிற ஏஜெண்டோ கல்யாணமாகாத பெண்களைத்தான் எடுப்பான். விடுதியிலும் அவர்களுக்குத்தான் இடம். இவள் கழுத்து வெறுமையாக இருந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை. புருஷன் செத்ததில் அவளுக்குக் கிடைத்த ஒரே லாபம் அது என்று சொன்னால் என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவளே அப்படி நினைத்துத் தலையணையைக் கடித்து அழுதிருக்கிறாள்.

குழந்தையைச் சந்திரலேகா வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. விடுதியில் ஓர் அறையில் எட்டுப் பேர். வீடியோ காலில் பிள்ளை முகம் தெரிந்தால் எட்டுத் தலையும் எட்டிப் பார்க்கும். அக்கா மகள் என்று சொல்லிவைத்தாள் தங்கமாரி. சொன்னால் போதுமா, பிள்ளை வாயிலும் அப்படித்தானே வரவேண்டும்? "சித்தி சொல்லு, சித்தி" என்று பெற்றவளே போனில் சொல்லிக்கொடுத்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, சட்டென்று பிடித்துக்கொண்டது.

தனியாகக் காஞ்சிபுரம் போய்வரக் கேட்காமல் இல்லை. அப்பா போன் பண்ணிச் சொன்னால் அனுப்பலாம் என்றார்கள். அப்பாவுக்கு அவள் எங்கே போவாள்? மொத்தமாகப் போகிற இந்தப் பயணம் ஒன்றுதான் வழி. அதிலும் வார்டன் சசிகலா, இறங்கும்போதும் ஏறும்போதும் ஒவ்வொரு தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். ஒரு தலை குறைந்தால் அந்த அறைக்கே இனி வெளியே போக விடமாட்டார்கள். கூட இருக்கிற ஏழு பேர் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. எப்படியாவது மொத்தக் கூட்டத்தையும் நாத்தனார் தெருவுக்கு ஓட்டிக்கொண்டு போகவேண்டும். போனபிறகு என்ன செய்வது? பிள்ளையைத் தூக்கினால் வேலையும் படுக்க இடமும் அன்றைக்கே போய்விடும். தூக்காவிட்டால் பிள்ளை போய்விடும். அதற்குமேல் யோசிக்க அவளால் முடியவில்லை.

வரதராசர் கோயில் வாசலில் வேன் இறக்கிவிட்டுப் போனது. மீதியெல்லாம் நடைதான். வாரம் முழுக்க நின்றே வேலை பார்க்கிற கால்களுக்கு லீவு நாளிலும் விடுதலை இல்லை. தங்கப் பல்லியைத் தொட ஒரு வரிசை, இட்லிப் பிரசாதத்துக்கு ஒரு வரிசை, குளத்தங்கரையில் போட்டோ. வரிசையில் நிற்பது இந்தப் பெண்களுக்குச் சோறு தின்பது மாதிரி, ஒருத்தி நின்றால் எல்லாரும் நிற்பார்கள். தங்கமாரி பல்லியைத் தொட்டாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

காந்தி ரோட்டில் ஒவ்வொரு பட்டுக்கடைக் கண்ணாடியிலும் யாராவது ஒருத்தி ஒட்டிக்கொண்டாள். "வாங்கவா போறீய? நடங்கட்டி!" என்று தங்கமாரி எரிந்து விழுந்தாள். அறைத்தோழி சுகப்பிரியா அவள் கையைப் பிடித்து, "என்னக்கா, மேலுக்குச் சரியில்லயா? கையெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்றாள்.

காமாட்சியம்மன் கோயிலை விட்டு வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. சசிகலா முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். "போதும்மா. ஏகாம்பரநாதரப் பாத்துக்கினு சாப்புட்டு கெளம்பலாம். கைலாசநாதர் கோயிலு தூரமா கீது, நிழலே கிடையாது."

கைலாசநாதர் கோயிலுக்குத்தான் பிள்ளையார்பாளையம் வழியாகப் போகவேண்டும். தங்கமாரி சசிகலாவின் முன்னால் போய் நின்றாள். வாயில் வந்ததைச் சொன்னாள்.

"மேடம், அங்க சாமியச் சுத்தி ஒரு பொந்து இருக்காம். படுத்துத் தவழ்ந்துதான் வெளிய வரணுமாம். வந்தா காண்ட்ராக்ட்டுல இருக்கவளுவ பெர்மனென்ட் ஆயிருவாவளாம். எங்க லைன்ல மூணு பேருக்கு ஆயிருக்கு."

அந்தப் பொந்தில் தவழ்ந்தால் மறுபிறவி கிடையாது என்று ஊரில் சொல்வார்கள். மறுபிறவியை யார் கேட்டார்கள்? பெர்மனென்ட் என்றதும் அத்தனை பேருக்கும் காலில் இறக்கை முளைத்துவிட்டது. பட்டுக்கடையில் ஒட்டினவள்தான் முதலில் ஓடினாள். "மெய்யாலுமா?" என்று கேட்டுக்கொண்டே சசிகலாவும் பின்னால் வந்தாள். அவளும் காண்ட்ராக்ட்தான். தன்னை நம்பி வெயிலில் ஓடுகிற அந்தப் பெண்களின் முதுகைப் பார்த்துத் தங்கமாரிக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஓடினாள்.

பிள்ளையார்பாளையத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். மூன்றாவது திருப்பத்தில் ஒரு வீட்டு வாசலில் குட்டி யானை லோடு வண்டி நின்றது. மெத்தை, பிரிட்ஜ், அண்டா எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் புதுக் கவுனும் ரெட்டைச் சடையுமாக ஒரு பிள்ளை உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

தங்கமாரியின் கால் நின்றுவிட்டது. அவள் நிற்கவும் பின்னால் வந்தவர்கள் நின்றார்கள். பிள்ளை நிமிர்ந்து பார்த்து, "சித்தி!" என்று கத்தியது.

"ஐ, அக்கா மவ! போன்ல பாக்கத விட அழகா இருக்காளே!" என்று சுகப்பிரியா கன்னத்தைக் கிள்ளினாள். ஆளாளுக்குத் தூக்கினார்கள், கொஞ்சினார்கள், செல்பி எடுத்தார்கள். பிள்ளை கைக்குக் கை மாறிப் போய்க்கொண்டிருந்தது. பெற்றவள் கைக்கு மட்டும் இன்னும் வரவில்லை. சந்திரலேகா படியில் வந்து நின்றாள். வா என்று அவள் சொல்லவில்லை. அவள் கண் வீங்கியிருந்தது.

"நீங்கதான் அவ அக்காவா? நல்ல நேரத்துல வந்தோம்" என்றாள் சசிகலா. "சரிம்மா, டாட்டா சொல்லிட்டு வாங்க. அங்க நடை சாத்திடப் போறாங்க."

பிள்ளை சமர்த்தாகக் கையை ஆட்டி, "டாட்டா சித்தி" என்றது. தங்கமாரி எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"நான் சித்தி இல்ல. இது நான் பெத்த பிள்ள."

பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சுகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். சசிகலா தங்கமாரியின் முகத்தையும் பிள்ளையின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னாள்.

"எனக்கு ஒண்ணும் காதுல வுழல. இன்னா சொன்னன்னே தெரியாது. இவளுங்களுக்கும் தெரியாது. வாய மூடிக்கினு நட. போ."

கருணைதான் அது. விடுதிப் படுக்கை, மாதச் சம்பளம், மூன்று வேளைச் சோறு, எல்லாவற்றையும் அந்தப் பெண் திருப்பி அவள் கையில் வைத்தாள். தங்கமாரியும் ஓரடி எடுத்து வைத்துவிட்டாள், பொய் சொல்வானேன்? அந்த ஓரடியோடு திரும்பி நின்றாள். தெருவென்றும் பாராமல் அலறினாள்.

"விழலன்னா இன்னொருக்கச் சொல்லுதேன் மேடம்! எம் பிள்ள! இசக்கியப்பனுக்கு நான் பெத்த பிள்ள! விடுதியில எழுதிக்கோங்க, ஏஜெண்டுகிட்டச் சொல்லுங்க! எல்லாருக்கும் கேட்டுச்சா?"

எதிர்வீட்டுத் தறி நின்றது. கேட்காதவர்கள் அந்தத் தெருவில் இல்லை. பிள்ளைக்கும் கேட்டது. முகம் கோணி, பிஸ்கட்டைப் போட்டுவிட்டு, "அம்மா!" என்று வீறிட்டு ஓடிப்போய்ச் சந்திரலேகாவின் காலைக் கட்டிக்கொண்டது. தங்கமாரி நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

"இனி எங்க வச்சிக் காப்பாத்துவ?" என்றாள் சந்திரலேகா.

"தெரியல மதினி."

சந்திரலேகா குனிந்தாள். தன் சேலையைப் பிடித்திருந்த சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிள்ளை உதைத்தது, கத்தியது. அதைத் தூக்கித் தங்கமாரியின் மார்பில் சாத்திவிட்டு, கையை உடனே பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அழுவா. விட்டுராத, இறுக்கிப் பிடி. உங்கிட்டருந்து நான் வாங்கிட்டு வந்த அன்னைக்கும் இப்படித்தான் அழுதா."