நாற்பதாவது ஆந்தை

மகளின் கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை வீட்டார் இன்னும் மேடையேறிக்கொண்டிருந்தபோதே சீனிவாசராகவன் ஒன்பது மணிக்கு இறங்கி, வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாராம். சொல்வது அவர் வசிக்கும் தொம்மலூர் குடியிருப்பின் மூன்றாம் மாடி டோரீன். அவளும் நேரில் பார்த்ததில்லை. பந்தி பரிமாறியவரின் தங்கை சொல்லக் கேட்டது. உண்மையா என்று அவரிடமே கேட்டால் மறுக்கமாட்டார், நேரத்தை மட்டும் திருத்துவார். “ஒன்பது மணின்னு யார் சொன்னா? எட்டே முக்கால். அதுக்கு மேல உடம்பு நம்ம பேச்சைக் கேக்காது.”

காலை நாலரைக்கு எழுவார். எழுவது பெரிதில்லை, எழுந்தது நாலு பேருக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காக ஐந்தேகாலுக்கு லிப்ட் வாசலில் நின்று, அமெரிக்கக் கம்பெனிக்கு இரவெல்லாம் உழைத்துவிட்டுக் கண் சிவந்து வரும் பரத் என்ற பையனைப் பிடிப்பார்.

“என்னடா, இப்பதான் படுக்கப் போறியா?”

“ஆமா அங்கிள். எங்க மேனேஜருக்கு அங்க பசிக்க ஆரம்பிச்சிடுச்சு. அதான் விட்டாரு.”

“ஆந்தை!” என்று சொல்லிவிட்டு நடக்கப் போவார். மற்ற ஜாதிகளில் எல்லாம் நம்பிக்கை போய்விட்டது என்று சொல்லிக்கொள்ளும் அவருக்கு, உலகத்தில் மிச்சமிருப்பவை இரண்டே ஜாதிகள். விடியலில் துள்ளி எழுவது சேவல். இரவில் முழித்துக் கிடப்பது ஆந்தை. தான் எது என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார்.

முப்பது வருஷம் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் இருந்து, தாமதமாக வந்தவர்களின் பெயரைச் சிவப்பு மையால் சுழித்தவர். ஓய்வுபெற்றதும் இணையத்தில் ஆறு வாரம் உடம்பின் கடிகாரம் பற்றிப் படித்தார். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கூடத்தில், பெருமாள் படத்துக்கு ஒரு சாண் கீழே மாட்டினார். அன்றைக்குச் சோம்பேறி என்று திட்டியவனை இன்றைக்கு ஆந்தை என்கிறார். ஆறு வாரப் படிப்பின் முழுப் பயனும் அவ்வளவுதான். ஆனால் ஆந்தை என்று சொன்னால் ஆராய்ச்சி. கம்பெனிகள் கார் அனுப்பி அழைத்துப் போகின்றன.

இந்த முறை கார் வந்தது பொம்மசந்திராவில் இருந்து, ஒரு மாத்திரைக் கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்காக. இதுவரை இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று எல்லோருக்கும் ஷிப்ட் மாறி மாறி வந்தது. இனி மாற்றமே இல்லை. ஆந்தைகள் நிரந்தரமாக இரவில், சேவல்கள் நிரந்தரமாகப் பகலில். இரவுக்கு நாற்பது பேர் வேண்டும். யார் யார் என்று இவர் சொல்ல வேண்டும்.

கேன்டீனில் மேசை போட்டுக் கேள்வித்தாளுடன் உட்கார்ந்தார். பக்கத்தில் உதவியாளர் ஸ்வர்ணா. ஸ்ரீராம்புரத்துப் பெண், எம்.எஸ்சி. முடித்தவள், இவரைவிட நாலு வருஷம் கூடப் படித்தவள். அதனாலேயே அவளை மடிக்கணினி தூக்க மட்டும் வைத்திருந்தார்.

“எந்தக் கட்டாயமும் இல்லேன்னா எத்தனை மணிக்கு எழுந்திருப்பே?”

“கட்டாயம் இல்லன்னா எதுக்கு சார் எந்திரிக்கணும்?” என்றார் லோடர் பச்சைமுத்து.

“எழுந்து அரைமணியில பசிக்குமா?”

“இருந்தா பசிக்கும் சார்.”

வரிசையே சிரித்தது. சீனிவாசராகவன் சிரிக்கவில்லை. இரண்டு கட்டத்திலும் ‘தெளிவில்லை’ என்று குறித்துக்கொண்டார். இன்னொருவர், தண்ணீர் லாரி வரும் நாளில் நாலு மணிக்கும் வராத நாளில் ஆறு மணிக்கும் எழுவதாகச் சொன்னார். சராசரி ஐந்து, சேவல்!

கேள்வித்தாளோடு கைக்கு ஒரு ரப்பர் வாட்ச்சும் உண்டு. பதினாலு நாள் கட்டியிருந்தால் எப்போது அசைந்தார்கள், எப்போது தூங்கினார்கள் என்று அது எழுதிவைத்துக்கொள்ளும். தொலைந்தால் சொல்ல அவர் போன் எண்ணும் அதில் ஒட்டியிருக்கும்; கட்டியவரின் எண்ணை அவரும் தன் போனில் பதிந்துகொள்வார்.

பதினாலு நாள் கழித்து அதே மேசைக்கு வாட்ச்சைத் திருப்பிக் கொடுக்க வந்த பேக்கிங் தொழிலாளி ஜானகி, கோடு கோடாகத் திரையில் வந்ததை எட்டிப் பார்த்தாள்.

“என்னா சார் வந்திருக்கு?”

“நீ அசல் ஆந்தைம்மா. ராத்திரி பூரா நன்னா சுறுசுறுப்பா இருக்கே. பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறே.”

“அந்த ரெண்டு வாரமும் எனக்கு நைட் ஷிப்டு சார். ராவெல்லாம் நின்னுட்டு வந்தா பகல்ல தூங்காம என்னா பண்றது?”

“வாட்ச்சுக்கு அதெல்லாம் தெரியாது. உடம்பைத்தான் தெரியும்.”

ஜானகி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “சார், வூட்ல நானும் எம் பொண்ணும்தான். ஒம்போது வயசு. நைட்டுன்னா பக்கத்து வூட்டம்மாகிட்ட படுக்க வைப்பேன். பதினஞ்சு நாள்னா சரி, மாசம் பூரா முடியாதுன்னுட்டாங்க. அவளைத் தனியா வுட்டுட்டு வரமுடியாது, இந்தக் கம்பெனி கெலசத்தையும் வுட முடியாது. இப்ப எனக்கு டே ஷிப்டுதான். இன்னும் ரெண்டு வாரம் கட்டிக்கறேன். திருப்பிப் பாருங்க சார்.”

அந்தக் கேன்டீனில் அன்று பேசப்பட்டதிலேயே அறிவியல் என்று ஏதாவது இருந்தால் அது இதுதான்.

“அப்படி ஒருத்தருக்கு மட்டும் திருப்பிப் பண்ணினா சாம்பிள் கெட்டுப்போயிடும்மா,” என்றார் சீனிவாசராகவன். “குழந்தைக்குப் பழகிடும். அடுத்த ஆள்!”

காரில் திரும்பும்போது ஸ்வர்ணா தொடங்கினாள். “சார், அவங்க சொல்றது கரெக்டு. நாம அவங்களை அளக்கல, அவங்க ஷிப்டை அளந்திருக்கோம்.”

“வாட்ச் பொய் சொல்லாது.”

“பொய் சொல்லல சார். நாம கேக்காததைச் சொல்லுது.”

“நீ காலம்பற எத்தனை மணிக்கு எழுந்துக்கறே?”

“ஏழரை.”

“அதான். ஆந்தைக்கு ஆந்தை வக்காலத்து.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். “கம்பெனி நாற்பது பேர் கேட்டிருக்கா. இவளோட சரியா நாற்பது வர்றது. இதைவிட என்ன ப்ரூப் வேணும்?”



பட்டியல் காலையில் கம்பெனிக்குப் போயாக வேண்டும். ராத்திரிச் சாப்பாடு முடித்து, வெதுவெதுப்பான பாலும் குடித்தாகிவிட்டது. படுக்கப்போகும் முன் கடைசியாக ஒருமுறை சரிபார்க்க உட்கார்ந்தார். மேசைமேல் போன் அதிர்ந்தது. ‘ஜானகி, பேக்கிங்’ என்று காட்டியது. முழுவதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

சீனிவாசராகவன் கையை நீட்டினார். நீட்டிய கை போனுக்குப் போகவில்லை. நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பதாவது வரிசைக்குப் போய், ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் நிதானமாகத் தட்டினார்:

‘இரவு 8.31. முழு விழிப்பு.’

எழுத்துப்பிழை உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.