குளிராத கல்

பசை அக்காவுக்குப் பேராசிரியரைக் கண்டாலே ஆகாது. அவருக்கும் அப்படியே. பதினெட்டு ஆண்டுகளாக ஒரே ஆய்வகத்தில் எலியும் பூனையுமாக இருந்தார்கள். விட்டுப் போகவும் இருவருக்கும் மனம் வரவில்லை. கல்லைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோகும் அங்கிருந்த குளிர்விப்பானைப் போல் வேறெங்கும் கிடைக்காது.

அக்காவின் வேலை கல் வளர்ப்பதும் ஒட்டுவதும். உலையில் மாதக்கணக்கில் வளர்த்த பச்சைப் படிகத்தைக் கடுகளவுக்கு அறுத்து, குளிர்விப்பானின் செம்புத் தண்டில் பசையாக வார்னிஷ் தொட்டு ஒட்ட வேண்டும். தும்மினால் கல் போன இடம் தெரியாது. பசை அக்கா என்று பெயர் வைத்தது பேராசிரியர்தான். கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அந்தக் கல்லுக்குள் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்தில் இருப்பவனுக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் அதற்கு நிம்மதி. இரண்டு பேர் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளலாம். மூன்றாமவன் யாரைப் பகைத்துக்கொள்வான்? மற்ற காந்தங்கள் குளிரக் குளிர ஏதோ ஒரு வரிசைக்கு வந்து உறைந்துவிடும். எவ்வளவு குளிர்ந்தாலும் வரிசைக்கு வராமல், எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்தபடி மாறிக்கொண்டே இருந்தால் அதற்குக் குவாண்டம் ஸ்பின் திரவம் என்று பெயர். பேராசிரியர் தன் ஆயுளில் பாதியை அதைத் தேடியே தொலைத்திருந்தார்.

ஒட்டிய வார்னிஷ் ஒரு முழு நாள் காய வேண்டும். இந்தக் கல்லைப் பற்றிப் பேச வேண்டிய மாநாடு நெருங்கவே, பேராசிரியருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“ஹேர் டிரையரக் காட்டி உள்ள இறக்குங்க.”

“மேல காயும் சார், அடியில ஈரம் நிக்கும். குளிர்ல உரிஞ்சுரும்.”

“பசை தடவுறதுதான் உங்க வேலை. இயற்பியல் என் வேலை.”

எக்கேடோ கெட்டுப் போ என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அக்கா அப்படியே செய்தார்.

இரண்டு வாரம் ஓடியது. செம்புத் தண்டில் இருந்த வெப்பமானி, இதற்கு மேல் குளிர் இல்லை என்கிற இடத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. கல்லுக்குள் காந்தங்கள் வரிசைக்கு வந்து உறையவில்லை. பேராசிரியர் தலைகால் தெரியாமல் ஆடினார். ஒரே வாரத்தில் கட்டுரை தயார். மேலே ஆறு பெயர்கள். அக்காவின் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில் ‘தொழில்நுட்ப உதவிக்கு நன்றி’ என்று மொட்டையாக ஒரு வரி. இதற்கு முன் பதினோரு கட்டுரையிலும் இதே கதைதான்.

இந்த முறை அக்கா பொறுத்துக்கொள்ளவில்லை. கல்லை வளர்த்தது நான், அறுத்தது நான், ஒட்டியது நான், என் பெயர் எங்கே என்று துறைத்தலைவருக்கே எழுதிக் கொடுத்தார். தன் பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்க்க வேண்டும் என்ற வெறி அவருக்கு இருந்தது.

மறுநாள் குளிர்விப்பானைச் சூடேற்றித் திறந்தார். கல் ஒரு மூலையில் மட்டும் ஒட்டியிருந்தது. மற்ற பக்கமெல்லாம் உரிந்து பல்லிளித்தது. தண்டு குளிர்ந்திருக்கிறது, வெப்பமானியும் குளிர்ந்திருக்கிறது, கல்லுக்குக் குளிர் போய்ச் சேரவே இல்லை. குளிராத கல் உறையவில்லை என்று ஊரைக் கூட்டியிருக்கிறார் மேதாவி! அக்கா கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். கல்லை டப்பாவில் போட்டு மூடினார். வாயையும் மூடிக்கொண்டார்.

பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருக்கும் கணவரிடம் மட்டும் சொன்னார். அவர் கைக் கிரீஸைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே கேட்டார்.

“அவருகிட்ட சொல்லலியா?”

“எதுக்கு? மேடையேறி நாலு பேர் முன்னால மூக்கறுபடட்டும்.”

“பாவம்டி அந்த மனுஷன்.”

“பதினெட்டு வருஷமா நான் பட்டது உங்களுக்குப் பாவமா தெரியல?”

அன்று அக்கா வயிறாரச் சாப்பிட்டார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார், அதில் அவருக்கு வெட்கமும் இல்லை.

நான்காம் நாள் பேராசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. கட்டுரையை மேசை மேல் வீசினார்.

“இந்தாங்க. தலைவர் கழுத்துல கத்திய வச்சுட்டாரு. ஏழாவதா போட்டிருக்கேன். வீட்டுக்குக் கொண்டு போய் சட்டம் போட்டு மாட்டிக்கங்க.”

அக்கா எடுத்துப் பார்த்தார். அப்பாவின் முதலெழுத்தோடு முழுப்பெயர். பிழையில்லாமல் இருந்தது. விரலால் ஒருமுறை தடவினார். அதற்குக் கீழேயே முதல் வரி: படிகம் கடுங்குளிர் வரை குளிர்விக்கப்பட்டும் உறையவில்லை. பெயரைப் படித்தார், வரியைப் படித்தார், திரும்பப் பெயரைப் படித்தார்.

“இன்னும் என்ன? கிளம்புங்க, இன்னைக்கே அனுப்பணும்.”

“சார், அந்தக் கல்லு குளிரவே இல்ல.”

கைப்பேசியை அவர் முன்னால் நீட்டினார். பேராசிரியர் படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். முகத்தில் ஈயாடவில்லை.

“எப்ப எடுத்தது இது?”

“நாலு நாளாச்சு.”

“நாலு நாளா தெரிஞ்சுக்கிட்டே வாய மூடிட்டு இருந்தியா?” மரியாதை பறந்துவிட்டது.

“இருந்தேன்.”

“அப்படியே இருந்து தொலைக்க வேண்டியதுதான! இப்ப கட்டுரையும் போச்சு, நீ அடிச்சுக்கிட்டியே, அந்தப் பேரும் போச்சு!”

அக்கா தாளை மேசை மேல் வைத்தார்.

“நேத்து வரைக்கும் அது உங்க கட்டுரை, எப்படியோ போங்கன்னு விட்டேன். இன்னைக்கு அதுல என் பேரு இருக்கு சார்.”