சபை கூடுவதற்கு முந்தைய வாரம்

என் வீட்டுக்காரர் திருவனந்தபுரத்துச் சட்டசபைக்கு மெம்பராக ஜெயித்த அன்று நாகர்கோவிலில் எங்கள் வீட்டு வாசலில் யாரும் வெடி போடவில்லை. மேளமும் இல்லை. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வழக்கம்போல வந்து, கறுப்புக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, "ஜெயிச்சாச்சுன்னு சொல்லுதாவ" என்றார். யாரோ வேறு ஒருத்தரைப் பற்றிச் சொல்லுகிற மாதிரி இருந்தது. வக்கீலாக இருந்தாலும் அவருக்குக் கூச்சம் அதிகம். கோர்ட்டில் எழுந்து பேசுவார். கல்யாண வீட்டுப் பந்தியில் இன்னும் கொஞ்சம் சாம்பார் என்று கேட்கத் தெரியாது.

ஒவ்வொரு தடவையும் சபை கூடுவதற்கு முன்னால் ஒரு வாரம் தொகுதிக்குள் சுற்றி வருவார். தொகுதி மேற்கே, அவர் பிறந்த விளவங்கோடு தாலுக்காப் பக்கம். வில்வண்டியில் போய் ஊர் ஊராக இறங்கி, ஜனங்கள் சொல்லுவதைக் கேட்டுக்கொண்டு வருவார். குளத்து மடை உடைந்தது, ரோட்டுக்குச் சரள் போடவில்லை, வரி கூடுதல் என்று சொல்லுவார்கள். எங்கள் பக்கமும் திருவனந்தபுரத்து மகாராஜா ஆட்சியில் இருந்த அந்தக் காலத்தில் வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. அதனால் பேசுகிறவர்களும் அநேகமாக நிலமும் கடையும் உள்ள ஆண்கள்தான்.

நான் அந்தப் பயணங்களுக்குப் போனதில்லை. அவர் மெம்பரான இரண்டாம் வருஷம் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. பெண். பிறந்த அன்றைக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் வேலையை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை வேதக்கோவிலுக்குப் போவதையும் விட்டேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஆறுதல் சொல்ல வருகிற முகங்களைப் பார்க்க முடியவில்லை. அவரும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பாடு, வெந்நீர், சலவைத் துணி, இவற்றைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டோம்.

ஒருநாள் காலையில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்:

"இந்தத் தடவை நீயும் வா."

"நான் எதுக்கு?"

"பொம்பளையோ எங்கிட்டப் பேச மாட்டாவ. கதவுக்குப் பொறத்த நின்னு கேட்டுட்டுப் போயிருவாவ. அவியளுக்கும் என்னமாவது இருக்கும்லா? ஆராவது கேக்கணும்."

"என்னால முடியாது."

"சரி" என்று கையைக் கழுவப் போனார். திரும்பி வந்து துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டியில எடம் இருக்கு" என்றார். அதற்கு மேல் அவருக்குக் கெஞ்சத் தெரியாது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் போனேன்.

முதல் இரண்டு மூன்று நாட்கள் என்னால் ஒரு உபயோகமும் இல்லை. அவர் பள்ளிக்கூடத்திலோ சந்தை ஓரத்துக் கடையிலோ ஆண்களோடு உட்காருவார். என்னை ஏதாவது ஒரு வீட்டின் உள்முற்றத்துக்குக் கூட்டிப் போவார்கள். பெண்கள் சுற்றி நின்று என் ரவிக்கைக் கையைப் பார்ப்பார்கள். "உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்று நான் பள்ளிக்கூடக் குரலில் கேட்பேன். ஒருத்தி இன்னொருத்தியை இடித்துச் சிரிப்பாள். கடைசியில் இளநீர் கொடுத்து அனுப்பிவைப்பார்கள்.

ஒரு ஊரில் மட்டும் ஒரு கிழவி வாய் திறந்தாள். மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நான் சொன்னா மகாராஜா காதுக்குப் போவுமா?" என்றாள்.

"சபையில சொல்லுவாங்க" என்றேன்.

"அப்போ எனக்க மருமவனப் பத்திச் சொல்லணும். சோலிக்கும் போவ மாட்டான், வீட்டுலயும் அடங்கி இருக்க மாட்டான். எனக்க மவளப் போட்டு வெரட்டுதான். திவான் ஒரு ஆளை விட்டு அவனை நாலு அதட்டு அதட்டினாப் போதும்."

வண்டியில் ஏறிய பிறகு இதை அவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"கேள்வி நேரத்துல கேக்கலாம்" என்றார், முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். "மேற்படி மருமகனை அதட்ட கவர்மெண்டுக்கு உத்தேசம் உண்டா? உண்டு என்றால், எப்போது?"

நான் சிரித்துவிட்டேன். சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். அவர் சட்டென்று முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு, ரோட்டோரத்துப் பனைகளைப் பார்த்தபடி வந்தார். அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. மாடு போன போக்கில் வண்டி போக, இருவரும் வெகுதூரம் பேசாமலே வந்தோம். அந்த மௌனம் வீட்டில் இருந்த மௌனம் போல இல்லை.

வாரக் கடைசியில் தேங்காய்ப்பட்டணம் போனோம். அங்கே கொப்பரையும் கயிறும் வியாபாரம் செய்கிற ஒரு முதலாளி. ஊரில் அவர் சொன்னால் அநேகமாக எல்லாரும் கேட்பார்கள். தேர்தலில் அவர் ஆதரவு இல்லாமல் இவர் ஜெயித்திருக்க முடியாது. வாசலுக்கே வந்து வரவேற்று, "வக்கீல் சாரே, டீச்சரம்மாவையும் கூட்டிட்டு வந்தது நல்ல சந்தோஷம்" என்று என்னை உள்ளே அனுப்பினார். முன்கூடத்துக்கும் உள்வீட்டுக்கும் நடுவில் கனமான திரை ஒன்று தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் முதலாளியின் மனைவியும் அக்கம்பக்கத்துப் பெண்களுமாக ஒரு கூட்டமே இருந்தது.

முதலாளியின் மனைவி என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தன் கையாலேயே ஒரட்டியும் மீன்கறியும் பரிமாறினார். சாப்பிட்டு முடித்ததும் பாயில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்:

"எத்தன பிள்ளையோ மக்கா?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். இல்லை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அன்றைக்கு என் வாயில் வேறு பதில் வந்தது.

"ஒண்ணு. பொறந்த அன்னைக்கே போயிட்டு."

ஒருத்தரும் உச்சுக்கொட்டவில்லை. அந்த அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணா, ஆணா?"

"பொண்ணு."

"முடி இருந்துதா?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. "நெறைய இருந்துது" என்றேன். "நெத்தி வரைக்கும்." பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் விரல்களைப் பற்றிச் சொன்னேன். பிறந்தபோது பிள்ளை அழாமல் இருந்ததைச் சொன்னேன். என் கணவரிடம்கூடச் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு வீட்டின் பாயில் உட்கார்ந்து சொன்னேன். அந்த அம்மா என் கையைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும், "எனக்க மூணாவது பிள்ளைக்கும் அப்படித்தான், முடி" என்றார்.

அதன்பிறகு நான் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். பிள்ளையும் போய், தாயும் போய்விட்டாள். இன்னொருத்தி மூன்று நாள் வலியில் கிடந்ததைச் சொன்னாள். ஆஸ்பத்திரி குழித்துறையில். அங்கே இருந்த டாக்டர் ஆண். பிரசவத்துக்கு ஆண் டாக்டரிடம் போவதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிற வீடுகள் அவை. படித்த மருத்துவச்சி ஒருத்தி அந்த ஊரிலேயே இருந்தால் போதும் என்றார்கள். சம்பளம் கொடுத்துக் கவர்மெண்டு அனுப்ப வேண்டும். அவள் குடியிருக்க வீடு நாங்கள் பார்த்துத் தருகிறோம் என்றார்கள். எல்லாம் முன்பே யோசித்து வைத்திருந்தார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

"இத நான் சொல்லிருதேன்" என்றேன்.

முதலாளியின் மனைவி தயங்கினார். "சொல்லு மக்கா. ஆனா எனக்க வீட்டுக்காரரு ஒத்துக்கிட மாட்டாரு."

புறப்படுகிற நேரத்தில் நான் திரையை ஒதுக்கிக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தேன். முதலாளியும் ஊர்ப் பெரியவர்கள் சிலரும் என் கணவரோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர் என்னைப் பார்த்து, "உள்ள என்ன சொன்னாவ?" என்று கேட்டார். எல்லார் முன்னாலும் நின்று, பெண்கள் சொன்னதைச் சொன்னேன். யார் சொன்னது என்று மட்டும் சொல்லவில்லை.

முதலாளி மரியாதையாகத்தான் பேசினார்.

"வக்கீல் சாரே, ரோட்டப் பத்திப் பேசுங்கோ, ஆத்துக் கடவப் பத்திப் பேசுங்கோ. எங்க வீட்டுப் பொம்பளையோளுக்க காரியத்த அவ்வளவு பெரிய சபையில நாலு பேரு கேக்க எடுக்கண்டாம். அது எங்களுக்குக் கொறச்சல். எங்க பெண்ணுவோளுக்கு அப்படி ஒண்ணும் வேண்டாம்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியும். இந்த மனிதர் இல்லாமல் அடுத்த தேர்தல் இல்லை.

அப்போது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தமில்லை, கோபமில்லை.

"வேணும்."

முதலாளியின் முகத்தைப் பார்த்தே அது யார் குரல் என்று அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அந்நிய ஆண்கள் முன்னால் அந்தக் குரல் அதுவரை கேட்டிருக்காது. முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். கோபப்படுவாரோ என்று பயந்தேன். அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்றாவது பிள்ளையை அந்தக் கைகள்தான் கொண்டுபோய் அடக்கம் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார். குரல் மாறியிருந்தது.

"அவ கேட்டுட்டா சாரே. பேசுங்கோ."

"ஊரு பேரு சொல்லாமப் பேசுதேன்" என்றார் இவர்.

"ஊருப் பேரச் சொல்லாட்டா மருத்துவச்சி வேற ஊருக்குப் போயிருவாளே" என்றார் முதலாளி. பெரியவர்களில் ஒருத்தர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். திரைக்குப் பின்னாலும் வளையல் சத்தம் கேட்டது.

திரும்பும்போது ஆற்றோரமாக வண்டி வந்துகொண்டிருந்தது. அவர் கேட்டார்:

"உள்ள அவ்வளவு நேரம் என்ன பேசுனிய?"

"நம்ம பிள்ளையப் பத்திச் சொன்னேன்."

கொஞ்சதூரம் போன பிறகு, "எனக்கும் சொல்லு" என்றார். "நான் சரியாப் பாக்கக்கூட இல்ல. அன்னைக்கு என்னை வெளிய நிறுத்திட்டாவ. துணியச் சுத்தித்தான் கையில தந்தாவ."

இத்தனை மாதமும் அவர் அவளைப் பார்த்திருப்பார் என்றே நினைத்திருந்தேன். கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. குழித்துறை வரும்வரை சொன்னேன். முடி, விரல்கள், அவருடையதைப் போலவே இருந்த காது. வண்டிக்காரர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் மாட்டை மெதுவாக ஓட்டினார்.

சபையில் அவர் அதைப் பற்றிப் பேசினார். நான் போகவில்லை, ஊருக்கு வந்து சொன்னார். எழுந்து நின்றதும் எழுதிக்கொண்டு போனது ஒன்றும் வாயில் வரவில்லையாம். அதனால் நான் முன்கூடத்தில் நின்று சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். கவனிக்கப்படும் என்று பதில் வந்தது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்டார். அதற்கு அடுத்த கூட்டத்திலும் கேட்டார். "மருத்துவச்சி மெம்பர்" என்று அங்கே சிலர் அவரைக் கேலி செய்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

கடைசியில் ஒரு நர்ஸ் வந்தாள். மிஷன் ஆஸ்பத்திரியில் படித்த, கறாரான, சிரிக்கத் தெரியாத பெண். வந்த முதல் மாதம் ஒருத்தரும் அவளைக் கூப்பிடவில்லை. முதலில் கூப்பிட்டது முதலாளியின் வீட்டில்தான், அவருடைய மூத்த மகளின் பேறுகாலத்துக்கு. அதன்பிறகு அவளுக்கு உட்கார நேரமில்லை என்று கேள்விப்பட்டேன்.

நான் மறுபடியும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிற்பாடு எங்களுக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் சபை கூடுவதற்கு முன்னால் அவரோடு நானும் கிளம்பிவிடுவேன். பையன்கள் சிறியவர்களாக இருந்தபோது அவர்களையும் வண்டியில் போட்டுக்கொண்டு போவோம்.

அடுத்த தேர்தலில் முதலாளி இவருக்காக வீடு வீடாகப் போனார். அப்படியும் இவர் தோற்றுப்போனார். தொகுதியின் மற்ற ஊர்களில் ஓட்டு விழவில்லை. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்து கோட்டைக் கழற்றும்போது, "இனி நல்லாத் தூங்கலாம்" என்றார்.

ஆனால் மேற்கிலிருந்து பெண்கள் வருவது நிற்கவில்லை. கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ நாகர்கோவிலுக்கு வருகிறவர்கள் எங்கள் வீட்டுப் புறவாசல் வழியாக அடுக்களைக்கு வந்து உட்காருவார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், கிணறு வற்றிவிட்டது, மகன் கொழும்பிலிருந்து வரவில்லை, இப்படி ஏதாவது இருக்கும். செய்ய முடிந்ததைச் செய்தேன். மெம்பர் இப்போது அவர் இல்லையே என்று சொன்னால், "அவரு இல்லாட்டா என்ன, நிங்க இருக்கியள்லா" என்பார்கள்.

அவர் அந்த நேரத்தில் அடுக்களைக்குப் பக்கத்து அறையில் கேஸ் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையாக இருப்பார். பெண்களின் பேச்சுச் சத்தம் தாழ்ந்துவிட்டால், ஏதோ அவர்களால் அவர் முன்னால் சொல்ல முடியாத காரியம் என்று தெரிந்துகொள்வார். காகிதங்களை எடுத்துக்கொண்டு, நாற்காலியைச் சத்தம் வராமல் தூக்கி, முற்றத்துப் பலாமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்.