அம்மா கூவாத நாட்கள்

என் வலது கைவிரல்கள் முதன்முதலில் மடங்கிக்கொண்டது பிளஸ் டூ இயற்பியல் திருப்புதல் தேர்வில். பாதி விடை எழுதியிருந்தேன். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. மூச்சு போதவில்லையென்று வேகமாக இழுக்க இழுக்க, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. பேனா விழுந்தது. செத்துப்போகப் போகிறேன் என்றே நினைத்தேன்.

இதை வாசிக்கும் உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ இப்படி நடந்திருந்தால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அது நடிப்பில்லை. என் வகுப்பில் சிலர் "சீன் போடறா" என்றார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

அம்மா நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவள். பள்ளியிலிருந்து தகவல் போனதும் கையைக்கூடக் கழுவாமல் ஆட்டோவில் வந்து, என்னை அரசு மருத்துவமனைக்கு அள்ளிக்கொண்டு போனாள். ஈசிஜி (இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் சோதனை) எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்றார்கள். அம்மா நம்பவில்லை.

"பேனா புடிக்கிற கையே மொடங்கிப் போச்சு, ஒண்ணுமில்லன்றாங்கோ! எவ கண்ணு பட்டுச்சோ" என்று புலம்பியவள், வீட்டுக்கு வந்ததும் மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடி ஏறினால் கண் படவில்லை என்று அர்த்தமாம். இரண்டு பேரும் இருமித் தீர்த்தோம். அம்மா குழம்பிப்போனாள்.

அப்புறம் அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்தாள். சத்தம்.

எங்கள் வீடு சாலையைப் பார்த்த முதல் மாடி. விடிந்தால் மீன்காரப் பெண்களின் குரல்தான். அதில் அம்மாவின் குரலே பெரிது. அப்படிப்பட்டவள் மறுநாளிலிருந்து கூவுவதை நிறுத்தினாள். பக்கத்தில் கடை போடும் சரோஜா அத்தையிலிருந்து அந்த வரிசை முழுக்க எல்லாரையும் நிறுத்த வைத்தாள். சத்தமாக விலை கேட்டவர்களிடம், "மெதுவா பேசு நைனா, மேல பாப்பா பட்ச்சிகினு கீது" என்று கிசுகிசுத்தாள்.

கூவாவிட்டால் யார் நின்று வாங்குவார்கள்? மீன் மிஞ்சியது. விற்கிற வஞ்சிரத்தை நாங்கள் தின்றதே கிடையாது. இப்போது வஞ்சிரத்தில் குழம்பு வைத்தாள் அம்மா. எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

எல்லாரும் பாசத்தால்தான் செய்தார்கள். அந்தப் பாசம்தான் என் கழுத்தை நெரித்தது. நான் தேறினால் எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். தேறாவிட்டால் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தது வீண். பால் வாங்கக் கீழே இறங்கினால்கூட, "பட்ச்சியா கண்ணு?" என்று அத்தைமார்கள் தாழ்ந்த குரலில் கேட்பார்கள். இழவு வீட்டில்கூட எங்கள் ஜனம் அவ்வளவு மெதுவாகப் பேசாது. அந்த அமைதியில் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. எப்போதாவது மடங்கிய விரல்கள், தினமும் மடங்கத் தொடங்கின.

மறுபடி அரசு மருத்துவமனைக்குப் போனபோது எங்களை மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பலகையைப் பார்த்ததும் அம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மருத்துவர் ஒரு பெண். எனக்கு வந்திருப்பது பீதித் தாக்குதல் (ஆபத்து இல்லாதபோதும் ஆபத்து வந்ததுபோல் உடல் பதறுவது) என்றார். வேகவேகமாக மூச்சு விடும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் இழுத்துக்கொள்கின்றன என்று விளக்கினார். எனக்கு மாத்திரை தரவில்லை. சிலருக்குத் தேவைப்படும், அதற்கு வெட்கப்படாதீர்கள்.

"மெதுவா மூச்ச இழு. வெளிய விடறது இன்னும் நீளமா இருக்கணும். மனசுக்குள்ள எண்ணிக்கோ" என்றார்.

எண்ண முடியவில்லை. எண் என்றாலே மதிப்பெண் ஞாபகம் வந்து மூச்சு இன்னும் எகிறியது. அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதை. ஒரு நாள் அவர், "சரி, எண்ண வேணாம். வீட்ல என்னென்ன சத்தம் கேக்கும், சொல்லு" என்றார்.

"ஒண்ணுமே கேக்காது டாக்டர். அம்மா இப்பல்லாம் கூவுறதே இல்ல. என்னாலதான்." சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அம்மா திகைத்துப்போனாள். "அடிப்பாவி, உனக்கோசரம்தானே வாய மூடிக்கினு கீறேன்!"

"எனக்கு அந்தச் சத்தம் வேணும்மா. நீ கம்முனு இருந்தா பயமா கீது."

மருத்துவர் அம்மாவைப் பார்த்தார். "எப்படிக் கூவுவீங்க? ஒரு தடவ கூவிக் காட்டுங்கம்மா."

"ஐய, இங்கியா? ஆஸ்பத்திரில போயா?" என்று நெளிந்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணை மூடி ஆரம்பித்தாள்.

"வஞ்சிரோம்ம்... வவ்வாலேய்ய்... சங்கராவோய்ய்..."

ஒரே மூச்சு. வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் வஞ்சிரம் கிலோ என்ன விலை என்று கேட்டேவிட்டார். வெகுநாள் கழித்து நான் சிரித்தேன். மருத்துவரும் சிரித்துவிட்டு, "இவ்ளோ நீளம்தான் நீ மூச்ச வெளிய விடணும்" என்றார்.

மறுநாள் விடிந்ததும் எங்கள் சாலை மறுபடி இரைந்தது. சரோஜா அத்தை விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துக் கத்தினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அம்மா கூவும்போதெல்லாம் கூடவே மூச்சை விட்டுப் பழகினேன்.

பொதுத்தேர்வில், அதே இயற்பியல் தாளில், விரல்கள் மறுபடி இழுத்தன. பேனாவைக் கீழே வைத்தேன். வாயைத் திறக்காமல் கூவினேன். வஞ்சிரம், வவ்வால், சங்கரா. மறுபடியும் வஞ்சிரம். சில கூவல்களுக்குப் பிறகு கட்டைவிரல் மெல்ல வெளியே வந்தது. ஒரு கேள்விக்கு நேரம் போதவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வெளியே காத்திருந்த அம்மா எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. என் கையை வாங்கி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். எனக்கு அழுகை வந்தது.

தேறினேன். கல்லூரிக்குப் போகிறேன். பயம் முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். விரல்கள் எப்போதாவது இன்னும் மடங்கும். முன்பெல்லாம் எப்போது விடும் என்று உடனே கடிகாரத்தைப் பார்ப்பேன். இப்போது பார்ப்பதில்லை. அம்மா கூவி முடிக்கிற நேரம் எவ்வளவு என்று என் உடம்புக்குத் தெரியும். அதற்குள் என் கை எனக்குத் திரும்ப வந்துவிடும். வராவிட்டால் இன்னொரு முறை கூவுவேன்.